யார் இந்த பென் ஹோகன்? அரை அங்குலத்தில் பந்தைத் திருத்தியவரின் கதை... அதே வைத்தியம் ஏன் எல்லோருக்கும் சரிவராது?

கோல்ஃப் ஆட ஆரம்பிக்கும் பலருக்கும் ஒரே பிரச்னைதான். பந்தை டீ எனப்படும் சின்ன குச்சியின் மேல் வைத்து, முழு பலத்தோடு அடிப்பார்கள். பந்து நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் என்ன நினைக்குமோ தெரியாது, வலது பக்கமாக வளைந்து போய் மரங்களுக்குள் விழும். இதற்குப் பெயர்தான் ஸ்லைஸ்.

இதற்கு நேர் எதிரான கோளாறு ஒருவருக்கு இருந்தது. அவர் அடித்த பந்து இடது பக்கம் வளைந்தது. அதைச் சரிசெய்ய அவருக்குப் பல வருஷம் ஆனது. சரிசெய்த பிறகு உலகின் நம்பர் 1 வீரர் ஆனார். 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை அவருடைய ரகசியத்தைப் பெரிய கட்டுரையாக வெளியிட்டது.

அதைப் படித்துவிட்டு மைதானத்துக்கு ஓடும் ஸ்லைஸ்காரர்களுக்கு என்ன நடக்கும்? பந்து இன்னும் அதிகமாக வலது பக்கம் போகும்!

ஏன் அப்படி? அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அதற்கான பதில் கிடைக்கும். அவர் பெயர் பென் ஹோகன்.

முதலில், பந்து ஏன் வளைகிறது?

கால்பந்தில் ஃப்ரீ கிக் வளைந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கோல்ஃபிலும் அதே கதைதான். சுழற்சிதான் பந்தை வளைக்கிறது.

மட்டை பந்தைத் தொடும் அந்த நொடியில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, மட்டை எந்தப் பாதையில் வருகிறது. இரண்டு, மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பந்து நேராகப் போகும். வலது கை ஆட்டக்காரருக்கு, மட்டை வரும் பாதையைவிட அதன் முகம் வலது பக்கம் திரும்பியிருந்தால் பந்து வலது பக்கம் வளையும். அது ஸ்லைஸ். முகம் இடது பக்கம் மூடியிருந்தால் பந்து இடது பக்கம் வளையும். அது ஹூக்.

டீயில் இருந்து அடிக்கும்போது மட்டும் இது ஏன் இவ்வளவு மோசமாகத் தெரிகிறது? அங்கே பயன்படுத்துவது டிரைவர் என்ற நீளமான மட்டை. அதன் முகம் கிட்டத்தட்ட செங்குத்தாக இருக்கும். அதனால் பந்து பின்பக்கமாகச் சுழல்வது குறைவு, பக்கவாட்டுச் சாய்வு பளிச்செனத் தெரியும். பந்து வெகுதூரம் பறப்பதால் சின்னத் தவறுகூடப் பெரிய வளைவாக மாறிவிடும்.

இது புரிந்தால் ஹோகனின் கதையும் புரியும்.

ஸ்டேஷனில் பேப்பர் விற்ற சிறுவன்

பென் ஹோகன் 1912 ஆகஸ்ட் 13-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் பிறந்தார். அப்பா செஸ்டர் ஒரு கொல்லர். குதிரைகளுக்கு லாடம் அடிப்பதுதான் தொழில். கார்கள் வர வர அந்தத் தொழில் படுத்துவிட்டது.

1922-ல் அப்பா தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோனார். அப்போது பென்னுக்கு வயது 9.

ஃபோர்ட் வொர்த் நகரில் அம்மாவோடும் அண்ணன், அக்காவோடும் வாழ்க்கை தொடர்ந்தது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டிய நிலை. சிறுவன் பென் ரயில்வே ஸ்டேஷனில் பேப்பர் விற்றான். கிளென் கார்டன் என்ற கோல்ஃப் கிளப்பில் கேடி வேலைக்குப் போனால் அதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று கேள்விப்பட்டு, 11 வயதில் அங்கே போய்ச் சேர்ந்தான். கேடி என்றால், ஆட வருபவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடக்க வேண்டும்.

அதே கிளப்பில் இன்னொரு சிறுவனும் பை தூக்கினான். அவன் பெயர் பைரன் நெல்சன். பிற்காலத்தில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள். 1927 கிறிஸ்துமஸுக்கு கேடி பசங்களுக்குள் நடந்த போட்டியில் இருவரும் சமநிலையில் முடிக்க, கூடுதல் ஆட்டத்தில் ஜெயித்தது நெல்சன்தான். ஹோகனுக்கு இரண்டாம் இடம். அடுத்த பல வருஷங்களுக்கு இதுவே வழக்கமாகிவிடும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

ஹூக் எங்கிருந்து வந்தது?

கேடி பசங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு என்று சொல்வார்கள். யார் பந்து குறைந்த தூரம் போகிறதோ, அவர்தான் எல்லோருடைய பந்தையும் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். பென் உருவத்தில் சின்னப் பையன். வளர்ந்த பிறகும் உயரம் சுமார் 5 அடி 8 அங்குலம்தான்.

பலம் இல்லாதவன் என்ன செய்வான்? வழி தேடுவான். இடது பக்கம் வளையும் ஹூக் பந்து தாழ்வாகப் போய், தரையில் விழுந்த பிறகு நன்றாக உருளும். அதனால் தூரம் கிடைக்கும். மட்டையைப் பிடிக்கும் கையை அதற்கேற்ற மாதிரி பென் மாற்றிக்கொண்டார். பந்து தூரம் போனது.

சிறு வயதில் கைகொடுத்த அந்தப் பழக்கம்தான் பிறகு அவர் கழுத்தைப் பிடித்தது.

பத்து வருஷம்... ஒரு தனி வெற்றிகூட இல்லை!

20 வயதுகூட ஆகாத நிலையில் ஹோகன் தொழில்முறை வீரர் ஆனார். கையில் காசு இல்லை. ஒரு சில போட்டிகளில் ஆடுவார், பணம் தீர்ந்துவிடும், ஊருக்குத் திரும்பிக் கிடைத்த வேலையைச் செய்வார். கொஞ்சம் சேர்ந்ததும் மறுபடி கிளம்புவார்.

காரணம் அந்த ஹூக். சாதாரண நாளில் சமாளித்துவிடலாம். ஆனா, நெருக்கடியான நேரத்தில் பந்து திடீரென இடது பக்கம் தாழ்வாக வளைந்து புதருக்குள் போய்விடும். ஸ்லைஸ் ஆன பந்து பெரும்பாலும் உயரமாகப் போய் மெதுவாக விழும். ஹூக் ஆன பந்து விழுந்த பிறகும் நிற்காமல் ஓடும். எங்கே போய் நிற்கும் என்று அடித்தவருக்கே தெரியாது.

1935-ல் வேலரி ஃபாக்ஸ் என்பவரை மணந்தார். இனி இரண்டு பேர் சாப்பிட வேண்டும். ஒரு பழைய காரில் ஊர் ஊராகப் போனார்கள்.

1938-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஒரு போட்டி. கையிருப்பு கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. இந்த முறையும் பரிசு வரவில்லை என்றால் ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்பது என்பதுதான் முடிவு. காலையில் மைதானத்துக்குக் கிளம்ப வந்தவருக்கு அதிர்ச்சி. காரின் டயர்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! வேறொருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு போய் ஆடினார். பரிசுப் பட்டியலில் இடம் கிடைத்தது. அந்தப் பணத்தில்தான் அவருடைய ஆட்டம் தொடர்ந்தது.

கைகொடுத்த ஹென்றி பிகார்ட்

ஹோகனுக்கு உதவியவர்களில் முக்கியமானவர் சக வீரர் ஹென்றி பிகார்ட். பணம் தீர்ந்தால் தான் தருவதாக அவர் உறுதி சொல்லியிருந்தார். அந்தப் பணத்தைக் கேட்க வேண்டிய நிலை ஹோகனுக்கு வரவே இல்லை. ஆனா, கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற தைரியமே போதுமானதாக இருந்தது.

மட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிப்பார் என்று யோசனை சொன்னதும் பிகார்ட்தான். தன்னுடைய டிரைவர் ஒன்றையும் கொடுத்தார். அந்த டிரைவரோடு 1940 மார்ச்சில் பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் நடந்த நார்த் அண்ட் சவுத் ஓப்பனை ஹோகன் வென்றார். அதுதான் அவர் தனி ஆளாக ஜெயித்த முதல் தொழில்முறைப் போட்டி. அடுத்தடுத்து இன்னும் இரண்டு போட்டிகளையும் வென்றார். 1940, 1941, 1942 என மூன்று வருஷமும் அமெரிக்காவில் அதிகப் பரிசுப் பணம் சம்பாதித்த கோல்ஃப் வீரர் அவரே.

பிறகு உலகப் போர் வந்தது. ராணுவ விமானப் படையில் பணியாற்றினார். திரும்பி வந்தபோது பழைய பிரச்னையும் கூடவே வந்தது.

அரை அங்குலத் திருத்தம்

1946-ல் ஹூக் தொல்லை மீண்டும் தலைதூக்கியது. போட்டிகளை விட்டுவிட்டு ஹோகன் ஃபோர்ட் வொர்த்துக்குத் திரும்பினார். சில நாட்கள் யோசித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இரவு படுக்கையில் இருந்தபோதுதான் வழி தெரிந்தது என்று பிறகு அவரே எழுதினார்.

அவர் செய்தது என்ன?

முதலாவது, மட்டையைப் பிடிக்கும் இடது கையை அரை அங்குலம் இடது பக்கம் திருப்பினார். கட்டை விரல் மட்டைத் தண்டின் நேர் மேலே வந்தது. இரண்டாவது, மட்டையைப் பின்னால் தூக்கி உச்சிக்குக் கொண்டுபோகும்போது இடது மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக லேசாக மடக்கினார்.

இந்த இரண்டுமே மட்டையின் முகத்தைக் கொஞ்சம் திறந்துவைக்கும். அதன் பிறகு எவ்வளவு வேகமாக வீசினாலும் முகம் இடது பக்கம் மூடிக்கொள்ளாது. விளைவு, பந்து நேராகக் கிளம்பி, கடைசியில் வலது பக்கம் மெல்லத் திரும்பி, பூப்போல விழுந்தது. கோல்ஃபில் இதற்கு ஃபேட் என்று பெயர்.

கவனித்தீர்களா? ஃபேட் என்பதும் ஒரு வகையில் குட்டி ஸ்லைஸ்தான். எல்லோரும் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ, அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார் ஹோகன். அளவு தெரிந்ததால் அது அவருக்கு மருந்தானது.

அந்த வருஷம் மட்டும் 13 போட்டிகளில் வெற்றி. பிஜிஏ சாம்பியன்ஷிப்பும் அதில் ஒன்று. அதுதான் அவருடைய முதல் மேஜர் பட்டம். 1948-ல் மீண்டும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும், முதல்முறையாக யுஎஸ் ஓப்பனையும் வென்றார்.

1949 பிப்ரவரி 2: பனிமூட்டத்தில் நடந்த விபத்து

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரம். ஹோகனும் வேலரியும் காரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். டெக்சாஸின் வேன் ஹார்ன் அருகே கடும் பனிமூட்டம். முன்னால் போன லாரியை முந்த முயன்ற பேருந்து ஒன்று எதிரே வந்து நேருக்கு நேர் மோதியது.

மோதப்போகிறது என்று தெரிந்ததும் மனைவியைக் காப்பாற்ற ஹோகன் அவர் மீது பாய்ந்து மறைத்தார். வேலரி பெரிய காயமில்லாமல் தப்பினார். ஸ்டீயரிங் தண்டு டிரைவர் சீட்டைக் குத்திக் கிழித்திருந்தது. மனைவியைக் காக்க நகர்ந்ததால்தான் ஹோகனும் உயிர் பிழைத்தார்.

ஆனா, அவருடைய இடுப்பு எலும்பு உடைந்தது. காலர் எலும்பு, கணுக்கால், விலா எலும்பு என எல்லாவற்றிலும் பாதிப்பு. பிறகு ரத்தக் கட்டிகள் நுரையீரலை நோக்கிப் போக ஆரம்பித்தன. உயிரைக் காப்பாற்ற, கால்களில் இருந்து ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய நரம்பை மருத்துவர்கள் கட்டிவிட்டார்கள். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அவருக்குக் கால் வீக்கமும் வலியும்தான்.

மருத்துவமனையில் மட்டும் 59 நாட்கள். இனி நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

16 மாதங்களில் திரும்பி வந்தார்!

1950 ஜூன். மெரியன் மைதானத்தில் யுஎஸ் ஓப்பன். அப்போதெல்லாம் கடைசி நாளில் இரண்டு சுற்றுகள், அதாவது 36 குழிகள் ஆட வேண்டும். கால்களில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஹோகன் இறங்கினார். கடைசிச் சுற்றில் கால்கள் ஒத்துழைக்க மறுத்தன. ஒவ்வொரு அடியும் நரகம்.

கடைசிக் குழியில் நான்கே அடிகளில் முடித்தால்தான் முதலிடத்தைச் சமன்செய்ய முடியும். பந்து தொலைவில் இருந்தது. அடிக்க மிகவும் கடினமான நம்பர் 1 அயர்ன் மட்டையை எடுத்தார். பந்து நேராகப் போய் கிரீனில் நின்றது. அந்த அடியை அவருக்குப் பின்னால் இருந்து எடுத்த புகைப்படம், கோல்ஃப் வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற படங்களில் ஒன்று.

மறுநாள் மூவர் மோதிய பிளே ஆஃப். லாயிட் மங்க்ரம் 73, ஜார்ஜ் ஃபசியோ 75, ஹோகன் 69. கோப்பை ஹோகனுக்கு.

அடுத்த வருஷமே அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ஹாலிவுட் படமும் வந்தது. 1953-ல் மாஸ்டர்ஸ், யுஎஸ் ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் என ஒரே வருஷத்தில் மூன்று மேஜர்கள். நான்காவதான பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் தேதிகள் பிரிட்டிஷ் ஓப்பனோடு மோதியதால் அதில் அவரால் ஆட முடியவில்லை. ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில் நான்கு சுற்றுகளிலும் அவர் எடுத்த அடிகள் 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றிலும் முந்தையதைவிடக் குறைவு. ஊர் திரும்பியவரை நியூயார்க் நகரம் காகிதத் துணுக்குகள் தூவி ஊர்வலமாக வரவேற்றது.

மறுபடியும் வந்த பழைய எதிரி

1955 ஜூன், சான் ஃபிரான்சிஸ்கோ. ஐந்தாவது யுஎஸ் ஓப்பன் பட்டம் ஹோகனுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜாக் ஃப்ளெக் என்ற, அதிகம் அறியப்படாத வீரர் கடைசிக் குழியில் சமன்செய்துவிட்டார். மறுநாள் பிளே ஆஃப்.

அதில் கடைசிக் குழிக்கு வந்தபோது ஹோகன் ஒரே ஓர் அடி பின்தங்கியிருந்தார். டீயில் பந்தை வைத்து வீசினார். கால் வழுக்கியது. பந்து இடது பக்கம் வளைந்து, அடர்ந்த புல்லுக்குள் போய் மறைந்தது.

ஆமாம், அதே ஹூக்! புல்லில் இருந்து பந்தை வெளியே கொண்டுவரவே மூன்று அடிகள் ஆகின. ஃப்ளெக் 69, ஹோகன் 72. இதில் இன்னொரு விஷயம், ஃப்ளெக் ஆடியது ஹோகனின் கம்பெனி தயாரித்த மட்டைகளில்!

ரகசியம் வெளியானது... ஆனா யாருக்குப் பயன்?

இரண்டு மாதம் கழித்துத்தான் லைஃப் பத்திரிகையில் அந்தக் கட்டுரை வந்தது. அரை அங்குலக் கை மாற்றம், மணிக்கட்டு மடக்கல் எல்லாவற்றையும் ஹோகன் விளக்கினார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். ஆட்டம் சரியாக வராதவர்கள் இதைச் செய்தால் அவர்களின் ஆட்டம் இன்னும் கெட்டுப்போகும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

காரணம் எளிது. ஹோகனின் மட்டை முகம் தேவைக்கு மேல் மூடியது. அதைத் திறக்கத்தான் அவர் வழி கண்டுபிடித்தார். ஸ்லைஸ் அடிப்பவரின் மட்டை முகம் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. அதை இன்னும் திறந்தால்? ரத்த அழுத்தம் குறைவாக இருப்பவர், அதிகமாக இருப்பவரின் மாத்திரையை வாங்கிப் போட்ட கதைதான்.

அப்போ ஸ்லைஸை எப்படிச் சரிசெய்வது?

ஹோகன் செய்ததைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டால் வழி கிடைக்கும். இது வலது கை ஆட்டக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

* பிடி: இடது கையைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். குனிந்து பார்த்தால் இடது கையின் விரல் முட்டிகள் இரண்டு அல்லது மூன்று தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால், அங்கேயே பாதிப் பிரச்னை இருக்கிறது.

* தோள்: பந்து வலது பக்கம் போகிறதே என்று பலரும் உடம்பை இடது பக்கம் திருப்பி நிற்பார்கள். இதுதான் பெரிய தவறு. அப்படி நின்றால் மட்டை வெளியில் இருந்து உடம்பை நோக்கிக் குறுக்கே வெட்டும். பந்து இன்னும் அதிகமாக வளையும். தோள்கள் இலக்குக்கு இணையாக இருக்க வேண்டும்.

* பந்து வைக்கும் இடம்: டிரைவருக்கு, இடது குதிகாலின் உள்பக்கத்துக்கு நேராகப் பந்து இருக்கலாம். அதற்கும் முன்னால் போனால், மட்டை இடது பக்கம் திரும்பிய பிறகுதான் பந்தைத் தொடும்.

* பாதை: கீழே இறக்கும்போது தோளால் தள்ளாமல், மட்டை உடம்புக்குப் பக்கத்தில் இருந்து பந்தை நோக்கி வர வேண்டும்.

நான்கையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. முதலில் பிடியை மட்டும் மாற்றி, பந்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஹோகனும் அப்படித்தான், ஒவ்வொன்றாக மாற்றி மணிக்கணக்கில் பயிற்சி செய்தார். புதுப் பிடி முதல் சில நாட்கள் கைக்கு ஒட்டாது. அது சகஜம்.

கடைசிவரை மாறாத குணம்

1953-ல் ஃபோர்ட் வொர்த்தில் சொந்தமாக மட்டை தயாரிக்கும் கம்பெனியை ஹோகன் ஆரம்பித்தார். முதல் தொகுப்பு மட்டைகள் தயாராகி வந்தன. அவருக்குத் திருப்தி இல்லை. விற்கலாம் என்று மற்றவர்கள் நினைத்தாலும், அத்தனையையும் அவர் கழித்துப்போட்டார். பெரிய நஷ்டம்தான். சரியில்லாததைத் தன் பெயரில் வெளியே விட அவருக்கு மனமில்லை.

1957-ல் அவர் எழுதிய ஐந்து பாடங்கள் கொண்ட புத்தகம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. 1967 மாஸ்டர்ஸில், 54 வயதில், வீங்கிய கால்களோடு ஒரு சுற்றை 66 அடிகளில் முடித்தார். மொத்தம் 9 மேஜர் பட்டங்கள். அதில் 6 விபத்துக்குப் பிறகு வந்தவை. 1997 ஜூலை 25-ல் ஃபோர்ட் வொர்த்தில், 84-வது வயதில் காலமானார்.

அவருடைய அரை அங்குலத்தை இன்றும் பலர் காப்பியடிக்கிறார்கள். ஆனா, அந்த அளவு அவருடைய கைக்கும் அவருடைய கோளாறுக்கும் பொருந்தியது. தன் பந்து எந்தப் பக்கம் போகிறது, ஏன் போகிறது என்று அவர் பல வருஷம் கவனித்த பிறகுதான் அந்த அளவு கிடைத்தது. ஸ்லைஸோடு போராடுபவர்கள் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கவனிப்பைத்தான்.